மவுஸ் வேலை செய்யவில்லையா? பிள்ளையை ஏசுவதற்கு முன் ரிசீவரைப் பாருங்கள்

கடந்த தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணியளவில் எனது தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பத்தாம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன் கதைத்தார். கூலி வேலை செய்பவர். தயங்கித் தயங்கித்தான் விஷயத்துக்கு வந்தார்.

"சேர், பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரின்ர மவுசை உடைச்சுப்போட்டன் எண்டு பிள்ளை அழுதுகொண்டு இருக்கு. எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, கிழமை முடியக் காசு தாறன்."

காசு ஒன்றும் வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளை உடைக்கவில்லை என்று மட்டும் நான் சொல்லவில்லை. ஏனென்றால், அவள்தான் உடைத்தாள் என்று நானும் நம்பியிருந்தேன். அவளை அன்று பகல் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஏசியதும் நான்தான்.

மாங்குளம் - முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்றது கணிதத்துக்கு. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்கு ஆளில்லாத காரணத்தால் கணினி அறையின் திறப்பும் என் கைக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. ஆகவே, நான் எழுதப்போவது ஒரு நிபுணரின் கட்டுரை அல்ல. ஒரு சின்னப் பழுதைத் தேடி ஒரு வாரம் அலைந்தவன், அந்த அலைச்சல் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காக எழுதுவது.

அன்று நடந்தது

எங்கள் மேசைக் கணினிகளில் ஒன்றுக்கு மட்டும் வயரில்லாத மவுஸும் விசைப்பலகையும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவர் ஒருவர் தந்துவிட்டுப் போனவை. இரண்டு வருடங்களாக ஒழுங்காக ஓடின. அந்தக் கணினியில்தான் இந்தப் பிள்ளை தனது செயற்றிட்டத்தைச் செய்துகொண்டிருந்தாள்.

கர்சர் இடையிடையே நின்றது. பிறகு ஒரே பாய்ச்சலில் திரையின் மூலைக்குப் போனது. அவள் மவுஸைத் தூக்கி இரண்டு தரம் மேசையில் தட்டினாள். அந்தச் சத்தம்தான் என் காதில் விழுந்தது. "உடைத்துவிட்டாய்தானே!" என்றேன். "இல்லை சேர், முதலே இப்படித்தான் இருந்தது. எழுத்தும் சில நேரம் விழுதில்லை" என்றாள். அந்த இரண்டாவது வசனத்தை நான் காதில் வாங்கவேயில்லை. வாங்கியிருந்தால் அன்றைக்கே விடை கிடைத்திருக்கும்.

வயரில்லாத மவுஸ் எப்படி வேலை செய்கிறது?

மவுஸ் என்ற கருவியை அமெரிக்காவின் டக்ளஸ் ஏங்கல்பாட் 1964இல் மரப்பெட்டி ஒன்றில் செய்வித்தார். 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் பலர் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டினார். அந்த மவுஸுக்கு வயர் இருந்தது. இன்று நாம் பாவிக்கும் வாலில்லாத மவுஸ், வயரின் வேலையை வானொலி அலைக்குக் கொடுத்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

இதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, மவுஸின் வயிற்றுப் பக்கத்தில் இருக்கும் ஒளி உணரி. அது மேசையின் மேற்பரப்பை ஒரு செக்கனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தரம் படம் பிடித்து, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. இரண்டாவது, அந்தக் கணக்கை அனுப்புகின்ற சிறிய வானொலி. மூன்றாவது, கணினியின் யூ.எஸ்.பி போர்ட்டில் நாம் செருகி வைக்கும், விரல் நகமளவு பெரிய ரிசீவர்.

இந்த வானொலி 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. உரிமம் இல்லாமல் எவரும் பாவிக்கலாம் என்று உலகின் பெரும்பாலான நாடுகளில் திறந்துவிடப்பட்ட அலைவரிசை அது. அதனால் அங்கே நெரிசல் அதிகம். வைஃபை ரவுட்டர் அங்கேதான் பேசுகிறது. புளூடூத் அங்கேதான் பேசுகிறது. வீட்டிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்குவதும் 2.45 கிகாஹேர்ட்ஸில்தான். இத்தனைக்கும் நடுவில், ஒரு சின்னப் பற்றரியில் ஓடும் மவுஸ் மிக மெல்லிய குரலில் பேசவேண்டியிருக்கிறது.

ஏ-9 வீதியில் ஓடும் தனியார் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பாட்டு உச்சத்தில் போகிறது. பின் இருக்கையில் இருந்து ஒருவர் மெதுவாக "இறக்கம்" என்கிறார். அவரது தொண்டையில் கோளாறு இல்லை. நடத்துநரின் காதிலும் கோளாறு இல்லை. ஆனாலும் பஸ் நிற்காது. மவுஸ் தொடர்பு விட்டு விட்டு வருவதும் பெரும்பாலும் இப்படித்தான். கருவி நல்லது, ரிசீவரும் நல்லது, இடைவழியில்தான் பிரச்சினை.

முதலில் நோயைப் பெயர் சொல்லுங்கள்

"மவுஸ் வேலை செய்யவில்லை" என்பது ஒரு நோயின் பெயரல்ல. டொக்டரிடம் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொல்வது போன்றது. நான்கு விதமான கோளாறுகளை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

ஒன்று, கர்சர் நடுங்குகிறது அல்லது சொன்ன திசைக்குப் போகாமல் குதிக்கிறது. ஆனால் கிளிக் செய்தால் உடனே வேலை செய்கிறது. இது தொடர்புக் கோளாறு அல்ல. வானொலி ஒழுங்காக இருப்பதால்தான் கிளிக் உடனுக்குடன் போய்ச் சேர்கிறது. பிழை ஒளி உணரியில் அல்லது மேசையில் இருக்கிறது.

இரண்டு, கர்சர் சில கணம் உறைந்து நின்று பிறகு பாய்கிறது, கிளிக்கும் தவறுகிறது. இதுதான் உண்மையான தொடர்புக் கோளாறு. பற்றரி, தூரம், தடை, இரைச்சல் ஆகிய நான்கில் ஒன்று அல்லது பல காரணமாக இருக்கும்.

மூன்று, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் மவுஸ் செத்துப்போகிறது. ரிசீவரைக் கழற்றிப் பூட்டினால் உயிர் வருகிறது. இது பெரும்பாலும் விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பால் வருவது.

நான்கு, எப்போதும் அசைவே இல்லை. பற்றரி முடிந்திருக்கலாம், ஆளி மூடியிருக்கலாம், போர்ட் பழுதாகியிருக்கலாம், அல்லது வேறொரு மவுஸின் ரிசீவர் செருகப்பட்டிருக்கலாம்.

எங்களுடையது இரண்டாவது வகை. அதை நான் அன்று பிரித்துப் பார்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளும் "அவ தட்டினவ சேர்" என்றார்கள். அத்தோடு வழக்கு முடிந்தது.

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தவை

மறுநாள் பாடசாலை விட்ட பிறகு கணினி அறையில் இருந்தேன். தகப்பனின் குரல் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன். கணிதம் படிப்பிப்பவனுக்கு இது தெரிந்த விஷயம். இரண்டு கணியங்களை ஒரே நேரத்தில் மாற்றினால், விடை எதனால் வந்தது என்று ஒருபோதும் தெரியாது. பற்றரியையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், அடுத்த முறை இரண்டையும் மாற்றவேண்டி வரும்.

முதலில் பற்றரி. ஒரு புதிய அல்கலைன் பற்றரி 1.5 வோல்ட் தரும். மீள ஏற்றக்கூடிய நிக்கல் பற்றரி 1.2 வோல்ட்தான் தரும். பெரும்பாலான மவுஸ்களுக்கு அது போதும், சிலவற்றுக்குப் போதாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண காபன் பற்றரிகள், மவுஸ் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் கேட்கும் கணத்தில் வோல்ட் இறங்கித் தளர்ந்துவிடும். ஒளி எரிகிறது, ஆகவே பற்றரி நல்லது என்று எண்ண வேண்டாம். ஒளிக்குப் போதுமான மின்சாரம் வானொலிக்குப் போதாமல் இருக்கலாம். பற்றரி இருக்கும் அறையில் உள்ள சுருள்வில்லையும் பாருங்கள். நீண்ட விடுமுறையில் பற்றரியைக் கழற்றாமல் விட்டால் அது கசிந்து வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அந்தத் தூள் தோலை எரிக்கும் காரம். வெறுங்கையால் தொட வேண்டாம். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் சில துளி வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் போதும். எங்களுடைய மவுஸில் கசிவு இல்லை. புதுப் பற்றரி போட்டேன். மாற்றமில்லை.

அடுத்தது மேற்பரப்பு. கண்ணாடி போட்ட மேசையிலும், பளபளக்கும் பூச்சிலும் ஒளி உணரி தடுமாறும். உணரியின் துவாரத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலே கர்சர் நடுங்கும். கோடை காலத்தில் எங்கள் பக்கத்துச் செம்மண் தூசு போகாத இடமில்லை. துவாரத்தை ஊதித் துடைத்து, வெள்ளைக் கடதாசி ஒன்றின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை. எதிர்பார்த்ததுதான், ஏனென்றால் இது இரண்டாவது வகைக் கோளாறு.

மூன்றாவது, மின்சேமிப்பு. விண்டோஸ் கணினி, பாவிக்காத யூ.எஸ்.பி கருவிகளைத் தூங்க வைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கும். மடிக்கணினிக்கு அது நல்லது. மேசைக் கணினிக்கு அவ்வளவு தேவையில்லை. இதை நிறுத்த, விண்டோஸ் விசையுடன் எக்ஸ் எழுத்தை அழுத்தி வரும் பட்டியலில் டிவைஸ் மனேஜரைத் திறக்கவும். அதில் யுனிவர்சல் சீரியல் பஸ் கொன்ட்ரோலர்ஸ் என்ற வரியை விரித்து, யூ.எஸ்.பி ரூட் ஹப் என்பதன் புரொப்பட்டீஸுக்குப் போனால் பவர் மனேஜ்மன்ட் என்ற பக்கம் இருக்கும். கருவியை அணைத்து மின்சாரத்தைச் சேமிக்கக் கணினிக்கு அனுமதி கொடுக்கும் பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடவும். அதோடு, கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸின் உயர்நிலை அமைப்புகளுக்குள் யூ.எஸ்.பி செலக்டிவ் சஸ்பென்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் நிறுத்தலாம். மூன்றாவது வகைக் கோளாறுக்கு இதுதான் மருந்து. எங்களுக்குப் பலனில்லை.

இந்த வேலைகளைச் செய்யும்போது மவுஸே ஓடாவிட்டால் என்ன செய்வது? பழைய வயர் மவுஸ் ஒன்றை அலுமாரியில் வைத்திருங்கள். அதுவும் இல்லையென்றால், இடதுபக்க ஓல்ட், இடதுபக்க ஷிப்ட், நம்லொக் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கேள்விக்கு என்டர் தட்டினால், விசைப்பலகையின் வலதுபக்க எண் விசைகளே கர்சரை நகர்த்தும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்தால், வேலையைப் பாதியில் விட்டு எழும்பி வரத் தேவையில்லை.

நான்காவது, மவுஸையும் ரிசீவரையும் வேறொரு கணினியில் பூட்டிப் பார்ப்பது. அந்தப் பரீட்சையை நான் புதன்கிழமையே செய்திருக்க வேண்டும். இருட்டிக்கொண்டு வந்ததால் செய்யாமல் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை வவுனியாவுக்குப் பஸ் ஏறி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் புதிய வயரில்லாத மவுஸ் ஒன்று வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "சேர், பழசைக் கொண்டு வந்திருந்தால் போட்டுப் பார்த்திருக்கலாமே" என்றார். அது நியாயமான பேச்சு. எனக்குத்தான் அவசரம்.

திங்கட்கிழமை புதிய மவுஸைப் பூட்டினேன். பழையது செய்த அதே வேலையைப் புதியதும் செய்தது. நின்றது, பாய்ந்தது.

அப்போதுதான் அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது: "எழுத்தும் சில நேரம் விழுதில்லை." எங்களுடைய மவுஸும் விசைப்பலகையும் ஒரே ரிசீவருடன் பேசுபவை. மவுஸ் உடைந்திருந்தால் விசைப்பலகை ஏன் எழுத்தை விழுங்க வேண்டும்? புதிய மவுஸ் ஏன் தடுமாற வேண்டும்? அவள் தட்டியதில் எதுவும் உடையவில்லை. மவுஸ் தடுமாறியதால்தான் அவள் தட்டியிருக்கிறாள். காரணத்தையும் விளைவையும் நான் தலைகீழாக எடுத்திருந்தேன்.

குற்றவாளி நீலப் போர்ட்டில் இருந்தது

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போக ஆயத்தமானேன். அந்தக் கணினியில் ஒரு வாரமாகப் பூட்டியிருந்த எனது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். பாட வீடியோக்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் கணினிக்கு மாற்றுவதற்காக நான் கொண்டுவந்தது அது. கழற்றிவிட்டுக் கணினியை நிறுத்தப் போனால், கர்சர் எண்ணெய் போட்டதுபோல ஓடுகிறது.

நம்பவில்லை. மறுபடியும் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டினேன், தடுமாறியது. கழற்றினேன், ஓடியது. ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் அதே விடை. பழைய மவுஸிலும் அப்படியே.

கணினிப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் இருந்தது உள்ளே நீல நிறமான போர்ட்டில். அதற்கு அடுத்த போர்ட்டில் மவுஸின் ரிசீவர். நீல நிறம் பொதுவாக யூ.எஸ்.பி 3.0 போர்ட்டைக் குறிக்கும். பழைய யூ.எஸ்.பி 2.0 ஒரு செக்கனுக்கு அதிகபட்சம் 480 மெகாபிட் அனுப்பும். 2008இல் வந்த 3.0 ஒரு செக்கனுக்கு 5 கிகாபிட் வரை அனுப்பும். அந்த வேகத்தில் தரவு ஓடும்போது வயரிலிருந்தும் இணைப்பிலிருந்தும் கருவியிலிருந்தும் வானொலி இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் பரந்து விழும் இடங்களில் ஒன்று, மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதி.

இது என் கற்பனை அல்ல. இன்டெல் நிறுவனம் 2012 ஏப்ரலில் இதைப் பற்றியே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. யூ.எஸ்.பி 3.0 கருவிகளின் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் வயரில்லாக் கருவிகளை, குறிப்பாக மவுஸை, எப்படித் தடுமாறச் செய்கிறது என்று அதில் அளந்து காட்டியிருக்கிறார்கள். இரைச்சல் மவுஸின் அலைவரிசைக்குள்ளேயே விழுவதால் அதை வடிகட்டி எடுக்க முடியாது. கருவிக்கும் இணைப்புக்கும் நல்ல உலோகக் கவசம் போடுவதும், ரிசீவரைத் தள்ளி வைப்பதுமே வழி என்கிறது அந்த அறிக்கை.

எங்களுடைய இடத்தில் இன்னும் இரண்டு பாதகங்கள் இருந்தன. கணினிப் பெட்டி நிலத்தில், இரும்பு மேசையின் கீழே, சுவரோடு ஒட்டி இருந்தது. ரிசீவர் அதன் பின்பக்கத்தில். மவுஸ் மேசைக்கு மேலே. அதாவது, மவுஸின் குரல் மேசையின் இரும்பையும் பெட்டியின் இரும்பையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இந்த அலையின் நீளம் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீற்றர்தான். இரும்புத் தகட்டை ஊடுருவாது. மனித உடம்பும் அதை ஓரளவு உறிஞ்சும். அத்தோடு இணையத்துக்கான ரவுட்டரையும் பெட்டியின் மேலேயே வைத்திருந்தோம். இரண்டு வருடங்களாக மவுஸின் குரல் எப்படியோ தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து இருந்த ஹார்ட் டிஸ்க், பஸ்ஸில் பாட்டைக் கூட்டிவிட்டது.

அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டியது யார்? நான்தான்.

தீர்வு ஒரு சின்ன வயர்

யூ.எஸ்.பி நீட்டிப்பு வயர் ஒன்று, ஒரு மீற்றர் நீளமானது. புது மவுஸின் விலையில் ஒரு பங்குதான். ரிசீவரை அதன் நுனியில் செருகி, மேசைக்கு மேலே, மவுஸ் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தோம். வயரின் மறுமுனையை நீலப் போர்ட்டில் அல்லாமல் கறுப்பு நிறப் போர்ட்டில் பூட்டினோம். ரவுட்டரை அறையின் மறு மூலைக்குக் கொண்டுபோனோம். இப்போது ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தாலும் மவுஸ் தடுமாறுவதில்லை.

நீட்டிப்பு வயர் கிடைக்காவிட்டால் ரிசீவரைப் பெட்டியின் முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். அந்தப் போர்ட்டுக்குப் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கோ வேகமான பென் டிரைவோ பூட்டாதீர்கள். ரவுட்டரில் ஐந்து கிகாஹேர்ட்ஸ் வசதி இருந்தால் கணினிகளை அதற்கு மாற்றுங்கள்; மவுஸின் பாதையில் நெரிசல் குறையும்.

ஒன்றுக்கு மேற்பட்ட வயரில்லா மவுஸ்கள் உள்ள பாடசாலைகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் கடைகளுக்கும் இன்னொரு விஷயம். மலிவான மவுஸ்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த ரிசீவருடன் மட்டுமே பேசும். ரிசீவர் தொலைந்தால் அந்த மவுஸ் பயனற்றது. ஒன்றின் ரிசீவர் மற்றதன் கணினியில் இருந்தால், பக்கத்துக் கதிரையில் இருப்பவர் மவுஸை அசைக்க உங்கள் கர்சர் ஓடும். பெயின்ட் கொண்டு மவுஸிலும் ரிசீவரிலும் ஒரே இலக்கத்தைப் போட்டு வையுங்கள். விடுமுறை விடும்போது பற்றரியைக் கழற்றி, ரிசீவரை மவுஸின் உள்ளே அதற்கென்று இருக்கும் குழியில் வைத்து மூடுங்கள்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்றையும் சொல்கிறேன். பொது இடத்துக் கணினிக்கு வயர் மவுஸே நல்லது. பற்றரி வேண்டாம், ரிசீவர் தொலையாது, இரைச்சல் இல்லை, விலையும் குறைவு. அன்பளிப்பாகக் கிடைத்ததைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. பாடசாலைக் காசில் வாங்குவதாக இருந்தால் வயருள்ளதை வாங்குங்கள்.

கழித்து ஒதுக்குவதற்கு முன்

2022இல் டொலர் ஏறியபோது கணினிப் பொருட்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அதற்குப் பிறகும் நமது பக்கத்துப் பாடசாலைகளில் இருக்கும் கணினிகள் பெரும்பாலும் பழையவை, அல்லது யாரோ இரக்கப்பட்டுத் தந்தவை. வன்னியில் மீளக்குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குக் கணினியைத் தொடக் கிடைக்கும் ஒரே இடம் பாடசாலைதான். அப்படியிருக்க, ஒரு மவுஸ் தடுமாறுகிறது என்பதற்காக ஒரு கணினியை "பழுது" என்று எழுதி மூலையில் தள்ளினால், இழப்பு மவுஸின் விலை மட்டுமல்ல. அந்தக் கதிரையில் இருந்திருக்க வேண்டிய பிள்ளையின் ஒரு தவணை.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. உடைத்தவள் என்று பெயர் வாங்கிய பிள்ளை மறுபடி கணினிக்குக் கிட்ட வரமாட்டாள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை என்றால் வீட்டில் ஒன்றைத் தட்டிப் பழகும். கூலித் தொழிலாளியின் பிள்ளை "எனக்கு இது வேண்டாம்" என்று ஒதுங்கிவிடும். அந்த வாரம் முழுவதும் அவள் கணினிப் பாட நேரத்தில் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததை நான் கவனித்தேன். கவனித்தும், அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பாடம் தொடங்கியதும் அவளை முன்னுக்கு அழைத்தேன். பயந்துகொண்டு வந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டியும் கழற்றியும் காட்டினேன். "மவுஸை இவ உடைக்கவில்லை. கோளாறு நான் பூட்டிய இந்த டிஸ்க்கால் வந்தது. இவ சொன்னதை நான் கேட்கவில்லை. பிழை என்னுடையது" என்றேன். எல்லோர் முன்னிலையிலும் ஏசியதை, தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க முடியாது என்று எனக்குப் பட்டது.

பிறகு நீட்டிப்பு வயரை அவளிடமே கொடுத்தேன். எந்தப் போர்ட்டில் பூட்ட வேண்டும், ரிசீவரை எங்கே வைக்க வேண்டும் என்று அவள்தான் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் "சேர், ரவுட்டரையும் அங்கால வைப்பமா?" என்று கேட்டாள். ரவுட்டரை இடம் மாற்றியது அவளுடைய யோசனை.

அன்றிரவு தகப்பனுக்கு நானே அழைப்பு எடுத்தேன். பிள்ளை எதையும் உடைக்கவில்லை, பழுது என்னால் வந்தது என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவ முதலே சொன்னவ சேர். நான்தான் நம்பேல்லை" என்றார்.